யோகன் அண்ணைக்கு மறுத்த காவுதடி

யோகன் அண்ணை இறந்த செய்தி எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் எங்கள் விழாக் குழுவின் தலைவர். கூப்பிய கைகள், ஒரு விளக்கு, அதற்குக் கீழே "எமது குழுவின் தூண் சாய்ந்தது" என்று ஒரு வரி. நான் அப்போது லண்டனில், கவுன்சில் அலுவலகத்தில் ஒருவருடைய வீட்டுப் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தத் தூணைத் தோளில் தட்டி வெளியே அனுப்பியவரே இப்போது சாய்ந்துவிட்டதென்று எழுதுகிறார். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு யோகன் அண்ணையின் மனைவி வதனி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கனடாவில் அப்போதுதான் விடிந்திருந்தது. "ஓம் இந்திரா, இவர் போயிட்டார்," என்றார். பிறகுதான் அழுதேன்.

சில நாட்களில் தலைவரே என்னை அழைத்தார். முப்பத்தோராம் நாளுக்குக் குழுவின் சார்பில் ஒரு நினைவு மலர் அடிக்கப் போகிறார்களாம். "நீங்கள்தானே அவரோடை நல்ல பழக்கம். நல்லதாய் நாலு வரி எழுதித் தாங்கோ," என்றார். எழுதுகிறேன் என்று சொன்னேன். நாலு வரி போதாது, நல்லதாகவும் இருக்காது என்பதை அப்போது சொல்லவில்லை, இப்போது நீங்களே வாசியுங்கள். தலைவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மலரின் முதல் பக்கத்தில் எப்படியும் அவருடைய படம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

யோகன் அண்ணையைத் தெரியாத புதியவர்களும் இதை வாசிப்பீர்கள். அவர் ரயில்வேயில் சிக்னல் பொறியியலாளர். லண்டனில் இருந்த காலத்தில் தோர்ன்டன் ஹீத்தில் வீடு. நல்ல உயரம், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. படம் எடுக்கும்போது உயரமான ஆட்கள் பின்னுக்குப் போகச் சொன்னால் போகமாட்டார். "கட்டையான ஆக்கள் கதிரையிலை ஏறி நில்லுங்கோவன்," என்பார். பாடத் தொடங்கினாரென்றால் நாங்கள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவோம். நோர்பரியில் ஒரு வாடகை மண்டபத்தில் பிள்ளையாரை வைத்து நாங்கள் விழாச் செய்யத் தொடங்கியபோது, சப்பறத்துக்கு விளக்குப் போட வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். தேருக்கு முதல்நாள் சாமி ஏறி வருகிற உயரமான சோடனைதான் சப்பறம். விளக்கில்லாவிட்டால் அது வெறும் மரச்சட்டம். தன் வீட்டு வரவேற்பறையில் வைத்து, சின்னச் சின்ன மின்விளக்குகள் பூட்டி அவர் ஒரு பெரிய தாமரைப் பலகை செய்தார். இதழ் இதழாக எரிந்து விரியும். முழுதாக விரிந்ததும் பிள்ளையாருக்குப் பின்னால் அப்படியே நிற்கும். அதைப் படம் எடுக்காதவர் உங்களில் ஒருவரும் இருக்க முடியாது. பலகை அவருடைய சொந்தப் பொருள். குழுவுக்கு வைக்க இடமில்லை என்பதால் வால்தம்ஸ்டோவில் என் வீட்டுக் கார் கராச்சில் இருந்தது.

இனி அந்த ஆண்டுக்கு வருகிறேன். எந்த ஆண்டென்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

மண்டபத்திலிருந்து சப்பறம் வரைக்கும் பிள்ளையாரைக் காவுதடிகளில் ஏற்றித் தோளில் சுமந்துகொண்டு போக வேண்டும். முன் இடப்பக்கக் காவுதடிக்கு வழக்கமாக நிற்பவர் அன்று நாரி பிடித்து, முதுகை நிமிர்த்த ஏலாமல் வரவில்லை. மேளம் முழங்குகிறது, தடி ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது. யோகன் அண்ணை குளித்து, வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். போய்த் தோளைக் கொடுத்தார். தலைவர் கிட்ட வந்தார். சிரித்த முகத்தோடு, மெல்லிய குரலில் கேட்டார்.

"தம்பி, நீங்கள் ஊரிலை எவடம்?"

யோகன் அண்ணை தன் ஊர்ப்பெயரைச் சொன்னார்.

"அது தெரியும். அதுக்குள்ளை எவடம்? எந்தக் கோயிலடி?"

சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. குடியிருந்த தெருவை, ஒழுங்கையைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். யோகன் அண்ணை ஒளிக்காமல் சொன்னார். தலைவரின் சிரிப்புக் கொஞ்சமும் குறையவில்லை.

"நீங்கள் லைட்டைப் பாருங்கோ தம்பி. அது உங்களை விட்டா வேறை ஒருத்தருக்கும் ஏலாது."

சொல்லிக்கொண்டே தோளில் தட்டினார். தட்டிய கையாலேயே தடியை வாங்கித் தன் மருமகனிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளை அப்போதுதான் ரயிலால் இறங்கி வந்திருந்தது. ஜீன்ஸுக்கு மேலே ஒரு வேட்டியைச் சுற்றிவிட்டார்கள். மண்டப வாசல் தாண்டும்வரை பிள்ளையாருக்குக் கீழே ஒரு தொலைபேசி அடித்துக்கொண்டே போனது.

யோகன் அண்ணை போய்த் தாமரையை எரியவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் போட்டனீங்கள்? இருட்டிலை போகட்டுமே," என்று அவரிடமே பாய்ந்தேன். "பிள்ளையார் என்ன செய்தவர், இருட்டிலை போறதுக்கு?" என்றார். முகம் மட்டும் கறுத்திருந்தது. அவரால் விட முடிந்தது, என்னால் முடியவில்லை. சுண்டல் கொடுக்கும் மேசையடியில் எல்லாரும் நிற்கும்போது தலைவரிடம் கேட்டேன். "அவர் பூட்டின லைட்டிட்டை மட்டும் ஏன் ஊர் கேக்கேல்லை? அது எரியலாமோ?" சுண்டல் வாங்க நின்றவர்கள் எல்லாரும் சுண்டலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். இதை வாசிக்கும்போது அந்தச் சுண்டல் நினைவுக்கு வருகிறவர்கள் இருப்பீர்கள், வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

அடுத்த கோடை, யோகன் அண்ணையும் வதனி அக்காவும் விடுமுறைக்குக் கனடா போனார்கள். பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் அவருடன் படித்த ஒருவர் இருந்தார். தீவே ஒரு மாகாணம், கனடாவில் மிகச் சின்னது. அங்கே ஒரு மீன்பிடி ஊரில், கோடைத் திருவிழாவுக்கு ஒரு சின்ன மரப்படகைத் தேவாலய வாசலிலிருந்து கடற்கரை வரைக்கும் தோளில் காவிக்கொண்டு போவார்களாம். இவர் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். அன்று பின்னேரமே எனக்கு அழைப்பு வந்தது.

"இந்திரா, றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு மனிசி வந்து என்ரை கையைப் பிடிச்சு இழுத்தா. நீ உயரம், முன்னுக்கு வா எண்டா. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"ஐஸ்கிரீமை என்ன செய்தனீங்கள்?"

"வதனியிட்டைக் குடுத்தன். எனக்குத் திருப்பித் தரேல்லை."

சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் காவினீர்கள் என்று கேட்டேன். முன்னுக்கு, இடப்பக்கம் என்றார்.

அந்தத் தீவிலேயே குடியேறுவதென்று அவர் முடிவெடுத்தது அப்படித்தான். குடிவரவு ஆலோசகர், ஏன் இந்த மாகாணம் என்று கேட்டால் வேலை, வீடு, அமைதி என்று சொல்லச் சொன்னாராம். இவர் திருவிழா என்றுதான் சொல்லுவேன் என்று நின்றார். லண்டனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். திருவிழா பார்க்க நாடு மாறிய மனிதன் என்றீர்கள். முருகன் கோயிலுக்கு நடந்து போகலாம் என்பதற்காகவே மனோர் பார்க்கில் வீடு வாங்குகிறவர்கள்தானே நாங்கள். அவருக்கு மட்டும் அது ஏன் பைத்தியமாகத் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தத் தீவைச் சொர்க்கம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பனிக்காலத்தைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். ஒருமுறை கடையில் யாரோ ஒருவன் உன் நாட்டுக்குத் திரும்பிப் போ என்று கத்தியதையும் சொன்னார். அப்படியென்றால் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "அவன் நான் ஆரெண்டு தெரியாமல் ஏசினவன். உங்கை லண்டனிலை என்னைத் தெரிஞ்ச ஆக்கள் கேட்டுக் கேட்டுத் தள்ளினவை. தெரியாதவனை மன்னிக்க ஏலும் இந்திரா," என்றார். தெரிந்தவர்களை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் என்னை அழைத்து, "வான் வந்தால் தாமரையைக் குடுத்துவிடு, பிள்ளையாருக்குத்தானே," என்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பேன். பலகை அவருடையது, சொல்லும் அவருடையது.

மலருக்குக் கட்டுரை கேட்டு எடுத்த அதே அழைப்பில் தலைவர் இன்னொன்றும் சொன்னார். இந்த ஆண்டுச் சப்பறம் யோகன் நினைவாகவாம். வதனி அக்காவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்களாம். அவருடைய பெரிய படம் ஒன்றைச் சோடித்துச் சாமிக்கு முன்னால் கொண்டுபோவார்களாம்.

"படம் முன்னுக்கோ போகுது?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம், முன்னுக்குத்தான். லைட் உங்கடை கராச்சிலைதானே? வானை அனுப்பிறம்."

படம் முன்னால் போகலாம், தோள் போகக்கூடாது. செத்த பிறகு ஒருவருக்கும் ஒழுங்கை இல்லைப் போலும். தொலைபேசியை வைத்துவிட்டு வதனி அக்காவை அழைத்தேன். முடிவு அவருடையது. யோகன் அண்ணையின் வாக்கை மீறும் உரிமை எனக்கில்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இவர் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். இருந்திருந்தா குடு எண்டுதான் சொல்லுவார். நான் சொல்லுறன், குடுக்காதை. அண்டைக்கு இவர் வீட்டை வந்து சால்வையை அவிட்டு மடிச்சு வைச்சதைப் பாத்தவள் நான்."

"அப்ப தாமரையை என்ன செய்ய?"

"இஞ்சை அனுப்பு. யோகன்ரை பக்கத்துக்கு இந்த முறை என்ன செய்வம் எண்டு ஊர்ச்சனம் வந்து கேட்டது. படகிலை அவர் காவின பக்கமாய் இதைப் பூட்டுவம். கரண்ட் வேறையாம், ட்ரான்ஸ்போமரை மாத்தித் தாறன் எண்டு ஒரு பெடியன் சொல்லியிருக்கிறான்."

யோகனின் பக்கம். ஒவ்வொரு கோடையும் அவர் காவிய அந்த முன் இடப்பக்கத்துக்கு அந்த ஊரில் அப்படித்தான் பெயராம். எத்தனை ஆண்டுகள் எங்களுக்கு விளக்குப் பூட்டினார், அவருக்கென்று ஒரு பக்கம் எங்களிடம் இருந்ததா? பலகையைக் கம்பளியில் சுற்றிப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றிவிட்டேன்.

போன சனிக்கிழமை வான் வந்தது. ஓட்டி வந்தவர் தலைவரின் அதே மருமகன். மரியாதையான பிள்ளை, அவரோடு எனக்குக் கோபம் இல்லை. கராச் கதவைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே புல்லு வெட்டும் மெஷினும் இரண்டு உடைந்த கதிரைகளும்தான் இருந்தன.

"லைட் எங்கை அன்ரி?"

"யோகன் அண்ணையின்ரை ஊருக்குப் போயிட்டுது."

அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "ஊருக்கோ?" என்று என் முகத்தைப் பார்த்தார். "ஊரிலை எவடம்?"

இந்தக் கேள்விக்கு இவ்வளவு காலமும் நான் ஒரு பதில் வைத்திருந்தேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது.

"முன்னுக்கு, இடப்பக்கம்," என்றேன். "மாமாட்டைச் சொல்லுங்கோ. அவருக்கு இடம் விளங்கும்."

இதை மலரில் போடுவார்களோ தெரியாது. போடாவிட்டால் மண்டப வாசலில் நின்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் நானே தருவேன். யோகன் அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒன்றுதான். அது அவர் பாவிக்காமல் விட்டுப்போன கோபம். அவருக்கு அது தேவைப்படவில்லை, எனக்குத் தேவைப்படுகிறது. சப்பறத்தன்று கட்டாயம் வருவேன். முன்வரிசையில் நின்று கும்பிடுவேன், பிள்ளையார் என்ன செய்தவர். சப்பறம் இருட்டில் வரும்போது தாமரை எங்கே என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். தலைவர் அங்கேதான் நிற்பார். அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.