பூங்கொடியின் குறிப்பிலிருந்து எடுத்த வரி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் செந்தில் அழைத்தார். "பூங்கொடி போயிட்டாளுங்க. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேரலைங்க." மனைவியின் சாவைக் கணவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் திரையில் பூங்கொடி எழுதிய வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவிநாசி சாலையில் உள்ள எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர். எனக்கு அழுகை வரவில்லை. திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று துக்க வீட்டில் பலர் கேட்டார்கள். நாங்கள் வியாபாரிகளுக்காக ஏஐ ஏஜென்ட் செய்கிறோம். கேள்வி கேட்டால் அது தானே தேடிப் பதில் சொல்லும். எந்தத் தேடல் கருவியை எப்போது எடுக்க வேண்டும், அது எதைத் தரும், எதைத் தராது என்று அதற்கு எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும். அந்தக் குறிப்புகளைப் பூங்கொடி எழுதினார்.

முதலில் எழுதியவன் நான்தான். எங்களிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று இணையத்தில் தேடும், மற்றது வாடிக்கையாளரின் சொந்தக் கோப்புகளில் தேடும். இரண்டுக்கும் 'தகவல்களைத் தேடித் தரும்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பூங்கொடி என் நாற்காலியைத் தன் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்.

"உக்காருங்க. இப்ப நீங்கதான் மிசினு. எழுதுனதத் தவிர உங்களுக்கு ஒண்ணுந் தெரியாது. வால்பாறைல இன்னைக்கு மழையா? எந்தக் கருவிய எடுப்பீங்க?"

"முதல் கருவி. அதுதானே இணையம்?"

"அது உங்களுக்குத் தெரியுமுங்க. இங்க எங்க எழுதியிருக்கு? ரெண்டு ஊட்டுக்கும் ஒரே கதவு நம்பர் போட்டா தபால்காரர் என்ன பண்ணுவாரு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுருக்கென்றது. அதன்பிறகு எந்தக் குறிப்பானாலும் யாரையாவது பிடித்து மிசினாக உட்காரவைப்பது அவர் வழக்கமானது. இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் அலுவலக நண்பர்களே, நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். "என்ன செய்யும்னு எழுதறது சுலபமுங்க. என்ன செய்யாதுன்னு எழுதறதுலதான் வேலையே இருக்குது" என்பார்.

போன ஐப்பசியில் உறவுக்காரப் பெண்ணின் சீருக்காக அவர் ஒரு வாரம் கோபிக்குப் போயிருந்தார். இணையத் தேடலுக்கு அவர் எழுதியிருந்த குறிப்பு மிக நீளம் என்று எனக்குப் பட்டது. அதில் கடைசியாக ஒரு வரி இருந்தது: 'பக்கத்தின் தேதியைப் பார், பழைய செய்தியை இன்றைய நிலவரமாகச் சொல்லாதே.' இதுகூடத் தெரியாத மிசின் உண்டா என்று அதை எடுத்துவிட்டேன். எல்லோரும் அவரையே புகழ்வதில் எனக்கு எரிச்சலும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் நல்ல மழை. மேட்டுப்பாளையத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் மலைச்சாலை திறந்திருக்கிறதா என்று எங்கள் ஏஜென்ட்டைக் கேட்டார். முந்தைய ஆண்டின் செய்தி ஒன்றைக் கண்டெடுத்து, திறந்திருக்கிறது என்று அது சொல்லிவிட்டது. கேரட் ஏற்றப் போன அவருடைய வேன் இரண்டு மண்சரிவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நனைந்த துணியோடு இரண்டு நாள் அதிலேயே கிடந்த டிரைவர் நிமோனியாவில் படுத்தார்.

மண்டிக்காரர் நேரில் வந்தார். "ஏனுங்க, அந்தப் பையன் மூச்சு உட முடியாமக் கெடக்கறானுங்க. யாருங்க இதுக்குப் பொறுப்பு?"

அன்றுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்த பூங்கொடி எழுந்து நின்றார். "எழுதுனது நானுங்க. எங்கியோ கவனிக்காம உட்டுப்போட்டேன். மன்னிச்சுப்போடுங்க."

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். நான் என் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மாலைக்குள் அந்த வரியை மறுபடி சேர்த்தார். எழுத்துப் பிசகாமல் நான் எடுத்த அதே வரி. ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் பஸ் ஏறிப் போய் டிரைவரைப் பார்த்துவிட்டு வந்தார். டிரைவர் பிழைத்துக்கொண்டார். சம்பள உயர்வுக் கூட்டங்களில் மட்டும் 'அந்த வேன் விஷயம்' பூங்கொடியின் பெயரோடு வந்துகொண்டே இருந்தது. நான் அந்தக் கூட்டங்களிலும் உட்கார்ந்திருந்தேன்.

அவர் போன பிறகும் ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் அவர் குறிப்பைப் படித்துவிட்டே தேடுகிறது. 'இந்தப் பக்கம் பழையது, வேறு பார்க்கிறேன்' என்று அதன் பதிவில் வருகிறது. இறந்தவர் சொல்லை இத்தனை பணிவாக ஒன்று கேட்டு நடப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிவருகிறேன்.

காரியத்தன்று செந்தில் என்னோடு பந்தியில் உட்கார்ந்தார். இலையைப் பார்த்தபடி சொன்னார். "அந்த வேன் விஷயத்துல, அந்த வரிய அவ முன்னாடியே எழுதியிருந்தாளாமுங்க. அவளோட பழைய நகல்ல இருந்துச்சாம். யாரு எடுத்தாங்கன்னு கம்ப்யூட்டர்ல ஒரு நிமிசத்துல பாத்துரலாமாம். பாரேன்னு சொன்னேன். 'வேண்டாமுங்க, தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் பக்கத்துல உக்காந்து வேலை செய்ய முடியாது'ன்னுட்டா."

அப்போதும் நான் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

அவருடைய மேசையில் இருந்தவற்றை நண்பர்கள் நினைவுக்காக ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். நான் எதையும் தொடவில்லை. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் சுமந்த பழியை. செந்தில், நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அந்த வரியை எடுத்தவன் நான்.