என் புல்வெளியில் முளைத்த வேட்பாளர்

இந்த அமெரிக்க ஊரில் வீடுகள் பேசும். வாசல் புல்லில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தேர்தல் பலகையை நட்டுவிட்டால், உள்ளே இருப்பவரின் மனசு அதுதான் என்று தெரு எடுத்துக்கொள்ளும். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், என் வீடும் பேசிக்கொண்டிருந்தது: ‘எல்லையை மூடுவோம்.’ கீழே எங்கள் தொகுதியின் மாநில அவை உறுப்பினர் பெயர்.

டிராக்டர் விற்றவர் அவர். பள்ளிக்கூடக் குழுவில் நுழைந்து, பிடிக்காத புத்தகங்களை நூலகத்திலிருந்து இறக்கிப் பெயரெடுத்தார். அந்தப் பெயரில் ஏறி மாநில அவைக்குப் போனார். அரசு அலுவலகத்தில் ஆங்கிலம் மட்டும், வெளிநாட்டுக்காரருக்கு நிலம் கூடாது என்று மசோதா மேல் மசோதா. குடியேறுகிறவர்களை மேடையில் ‘படையெடுப்பு’ என்பார். அதே மனிதர் சனிக்கிழமை என் பாவற்கொடியைத் தடவிப் பார்த்து, “நீங்கள் முறையாக வந்தவர், உங்களைச் சொல்லவில்லை” என்றார். ஓட்டுக் கேட்டார். குடியுரிமை கிடைத்தபின் எனக்கு முதல் ஓட்டு. “உங்களுக்குத்தான்” என்றேன். பலகை வைக்கட்டுமா என்றதற்கு, “அதுக்கென்ன.”

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது புரியும். கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கு மூன்று கட்சிக்காரர்களும் ஒரே நாளில் வருவார்கள். ஒருவர் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார், அடுத்தவர் தலைகீழாக. “ஓட்டு ஒங்களுக்காக்கும், சாயா குடிச்சிட்டுப் போங்க” என்று மூவரிடமும் சொல்வார் அப்பா. அது மூவருக்கும் தெரியும். மூவரும் சந்தோஷமாகக் குடித்துவிட்டுப் போவார்கள். தமிழ்நாட்டுக்குள் நடந்துபோய் மீன் வாங்கித் திரும்புகிற ஊர். எல்லையை மூடினால் அன்றைக்குக் குழம்பு கிடையாது.

“என்னத்தச் சொல்லித் தொலச்சிய?” என்றாள் என் மனைவி ஜாஸ்மின். “ரோசா நம்ம சாவியத் தந்துட்டுப் போயாச்சு.”

ரோசா அடுத்த வீட்டுக்காரி, மெக்சிகோவிலிருந்து வந்தவள். எங்கள் சாவி அவளிடம், அவள் சாவி எங்களிடம், ஏழு வருஷமாக. ஜாஸ்மினுக்கு இந்த நாட்டில் வேறு கூடப்பிறப்பு இல்லை.

“மரியாதைக்குச் சொன்னேன்.”

“அந்த மரியாதைய அவருகிட்டயே போய்த் திருப்பிக் குடுங்க.”

பலகையைப் பிடுங்கிக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போனேன். ஐம்பது வயதில், ஒரு வேட்பாளரின் முகத்துக்கு நேரே முதல் தடவையாகச் சொன்னேன். “என் ஓட்டு உங்களுக்கு இல்லை. நீங்கள் படையெடுப்பு என்கிறவள்தான் ஏழு வருஷமாக என் வீட்டுச் சாவியை வைத்திருந்தவள்.”

“ஆம் என்றீர்களே?”

“எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்பதில்லை.”

பலகையை வாங்கிச் சுவரில் சாய்த்தார். “பிறகு யார் ஜெயிப்பார் என்று எப்படித் தெரியும்?”

“எண்ணும்போது தெரியும்.”

ரோசா கதவைப் பாதிதான் திறந்தாள்; ஓட்டு இல்லை என்று சொல்லிவிட்டு வந்ததைச் சொன்னேன். “அவனிடமே சொன்னாயா?”

“சொன்னேன்.”

“முகம் எப்படிப் போனது?”

செய்து காட்டினேன். அவள் சிரித்தாள், சிரிப்பு அடங்குமுன்னே கையை நீட்டினாள், சாவிக்கு.

திரும்பினால், என் வாசலில் எதிர்க்கட்சி வேட்பாளர், ஒரு அம்மாள், கையில் புதுப் பலகை. ஜன்னலில் ஜாஸ்மின். வேலிக்கு அந்தப் பக்கம் ரோசா. “யோசித்துச் சொல்கிறேன்” என்றது வாய், சுத்தமான அமெரிக்க ஆங்கிலத்தில். கை அதற்குள் அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தது.