தராசில் ஏறாத மாப்பிள்ளை

ஊசி என்றால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னுக்கு வருகிற எங்கள் ஊர் ஆட்கள், தராசு என்றால் மட்டும் கழற்றிய செருப்பைத் திரும்பவும் மாட்டத் தொடங்குவார்கள்.

நான் கல்முனைப் பக்கம் ஒரு கிளினிக்கில் தாதி, வருகிறவர்களுக்கு 'மிஸ்ஸி'. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, பிரஷர், கொழுப்பு என்று வருகிறவர்களுக்கு நிறை, உயரம், இடுப்புச் சுற்றளவு பார்ப்பது என் வேலை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது என்னைப் போன்ற ஒருத்தியின் முன்னால் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். நீங்கள் மூச்சை விடும்வரை நாங்களும் நாடாவைப் பிடித்தபடி காத்துக்கொண்டுதான் நிற்போம்.

ஊரையே அளந்த எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் அளக்க முடியவில்லை. அது என் கணவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் இருப்பார். இவரும் அப்படித்தான் வந்தார், ஒல்லியாக. கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்திருப்பார், வீட்டுக்கு வந்தால் என் உம்மாவின் கையால் சாப்பாடு, வயிறு முன்னுக்குத் தள்ளிவிட்டது. அவருடைய காக்கா, கூடப் பிறந்த மூத்தவர், போன வருஷம் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான், எழும்பவில்லை. அவருக்கும் இதே வயிறு, இதே 'எனக்கு ஒன்றுமில்லை'. அன்றிலிருந்து இவர் படி ஏறி வந்து மூச்சு வாங்கினால் எனக்குக் காக்காவின் ஞாபகம்தான் வரும். ஒருதரம் கிளினிக்குக்கு வாருங்கள் என்று கெஞ்சினால், கடையில் ஆளில்லை என்பார்.

கழித்துப் பார்த்த நிறை

சாய்ந்தமருதிலிருந்து ஒரு ராத்தா, எனக்கு அக்கா வயது, வருவா. தராசில் ஏறுமுன் கைப்பையை என்னிடம் தருவா, பிறகு போனைத் தருவா, பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைப்பா. ஏறி நின்று முள்ளைப் பார்த்துவிட்டு, அபாயாவுக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்பா. மெல்லிய துணிதானே என்றால், உள்ளே உடுத்திருப்பது தடித்த துணி என்பா. நானும் சண்டை பிடிக்காமல் கொஞ்சம் கழித்துவிடுவேன்.

போன மாதம் அத்தனையும் கழித்த பிறகும் நிறை கூடித்தான் இருந்தது. ராத்தா என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னா: "மிஸ்ஸி, காலையில திண்ட பராட்டாவையும் கழிச்சிப் போடுங்க, அது இன்னும் என்ட ஒடம்பில சேரல்ல."

மாமியின் பயம்

ஒரு நாள் ஒரு மாமி தன் மருமகனோடு வந்தா. மாப்பிள்ளை சம்மாந்துறைப் பொடியன், கல்யாணம் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் முகம் உப்பி, சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றது. நான் நிறையைச் சத்தமாகச் சொன்னதும் மாமி என் வாயைப் பொத்தாத குறை. நாலு பேர் இருக்கிற இடத்தில் இப்படிச் சொன்னால் கண்ணூறு படாதா என்று கேட்டு, மாஷா அல்லாஹ் சொல்லச் சொன்னா. சொன்னேன். பிறகு, இறைச்சிக் கறியில் மிதக்கிற எண்ணெயையும் இரவுச் சோற்றையும் குறையுங்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தா. அவவுக்கு நான் ஏதோ குடும்பத்தைக் கெடுக்க வந்தவள். "இவரு மெலிஞ்சிப் போனா, என்ட மகனுக்குச் சோறு குடுக்கல்லயா எண்டு சம்மாந்துறையிலிருந்து இவர்ர உம்மாட கேள்வி வரும். கொழுத்தா நீங்க கேக்கிறீங்க. நான் ஆருக்கு மிஸ்ஸி பயப்பிடுற?"

சஹனில் யார் பங்கு

என் உம்மாவும் இதே கட்சிதான். மருமகன் போதும் என்றால் இன்னும் ஒரு அகப்பை வைப்பா. அவர் கையால் தட்டை மறைத்தால், விரல் இடுக்கால் ஊற்றுவா. மாமி வைத்ததை வேண்டாம் என்று தள்ளுவது அவருக்குத் தெரியாது. தள்ளினால் மரியாதை இல்லையாம். பிறகு கல்யாண வீடு என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

என் கணவரின் கூட்டாளி ஒருவர், அரிசி ஆலை முதலாளி, சீனி கூடி கிளினிக்குக்கு வந்திருந்தார். ஒரு நேரத்துக்கு எவ்வளவு சோறு சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். முந்தின நாள் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டதைச் சொல்லத் தொடங்கினார். எங்கள் விருந்தில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தி, ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவார்கள். நெய்ச்சோறு மலை மாதிரி வரும், கொஞ்ச நேரத்தில் தட்டுத் தெரியும். அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று விடாமல் கேட்டேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு பேர் சேந்து திண்ட சோத்துக்கு என்னை மட்டும் புடிச்சா எப்பிடி மிஸ்ஸி? எனக்கு நேர முன்னால குந்தியிருந்தது ஒங்கட ஆள்தான், அவரக் கேளுங்க."

புத்தி சொன்னவர்

காரைதீவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிளாக்கர் ஐயா வந்தார். கையும் காலும் குச்சி. கூடவே அவருடைய சிநேகிதர், கரைவலை இழுக்கிற ஆள், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஐயாவுக்கு ஒன்றுமில்லை, சிநேகிதரைத்தான் இழுத்து வந்திருக்கிறார். வரிசையில் நிற்கும்போதே சோற்றைக் குறை, நட, இனிப்பைத் தொடாதே என்று அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தார். தராசும் ஐயாவின் பக்கம்தான் பேசியது. உயரத்துக்கு ஏற்ற நிறை அவருக்கு, சிநேகிதருக்கு நிறை அளவை மீறிக் கூட.

பிறகு நாடாவை எடுத்தேன். வலைக்காரரின் வயிறு பலகை மாதிரி, சுற்றளவு அளவுக்குள்தான். ஐயா சட்டையைத் தூக்கியபோது உள்ளே ஒரு சின்னத் தர்ப்பூசணி இருந்தது. தராசு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், எங்கே இருக்கிறது என்று நாடாதான் சொல்லும், வயிற்றில் சேர்கிற கொழுப்புத்தான் பொல்லாதது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். எனக்கு அந்த நேரம் ஐயாவின் வயிறு தெரியவில்லை, என் கணவரின் வயிறுதான் தெரிந்தது. அவருக்கும் கை கால் மெலிவுதான். ஐயா சட்டையை இறக்கிவிட்டுச் சிநேகிதரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் நான் இவனுக்குச் சொன்ன புத்தியெல்லாம் எனக்குத்தானா தங்கச்சி?"

பெல்ட்டின் சாட்சி

அன்று நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இவர் இடுப்பில் கட்டுவது வீட்டிலும் சாரன்தான், கடையிலும் சாரன்தான். அதற்கு மேல் ஒரு அகலமான பச்சை பெல்ட், கல்யாணத்தோடு வாங்கியது. இடுப்பை அளக்க வேண்டும் என்றதும் அவர் சிரித்துக்கொண்டே பெல்ட்டைக் காட்டினார். அன்று போட்ட ஓட்டையில்தான் இன்றும் ஊசி நிற்கிறதாம்.

பார்த்தேன். உண்மைதான், அதே ஓட்டைதான். ஆனால் பெல்ட் இருந்த இடம் வேறு. அது வருஷத்துக்கு வருஷம் வயிற்றுக்கு வழி விட்டுக் கீழே இறங்கி, இப்போது வயிற்றுக்கு அடியில் தொட்டில் கட்டின மாதிரிக் கிடந்தது. எங்கள் ஊரில் பாதி ஆம்பிளைகள் இப்படித்தான் தங்களை அளந்து வைத்திருக்கிறார்கள். இடுப்பு என்பது வயிற்றுக்குக் கீழே இல்லை என்று சொன்னேன், காக்காவை ஞாபகப்படுத்தினேன், கடைசியில் அழுதேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, பெல்ட்டையும் தடவினார். "ஆள் பொய் சொல்லும் புள்ள, தோல் பெல்ட் பொய் சொல்லுமா?"

உம்மாவின் ஏற்பாடு

அடுத்த நாள் நான் உம்மாவிடம் போனேன். எண்ணெய், சோறு, கொழுப்பு ஒன்றையும் கதைக்கவில்லை. மருமகனுக்கு ஏதும் நடந்தால், மாமி வீட்டில் திண்டுதான் போனார் என்று ஊர் சொல்லும் என்றேன். உம்மா அகப்பையைக் கீழே வைத்தா. காக்காவின் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிய அன்று அந்த வீட்டில் அவவும்தானே இருந்தா.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உம்மா இவரிடம் போய், எனக்குப் பிரஷர் பார்க்க வேண்டும், நீங்களும் கூட வாங்க மகன், வந்த கையோட நீங்களும் ஒருக்காப் பாத்துடுங்க என்றா. இத்தனை நாள் என் கெஞ்சலுக்கு அசையாத மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். மாமி வைத்த சோற்றை மறுக்கத் தெரியாதவருக்கு மாமி காட்டிய தராசையும் மறுக்கத் தெரியவில்லை.

அளவை எழுத நான் பேனையை எடுத்துக்கொண்டேன், கூட வேலை செய்கிறவதான் அளந்தா. பெல்ட்டைக் கழற்றி, விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே நாடா போனது. ஆம்பிளைகளுக்குத் தொண்ணூறு சென்ரிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இவர் நூறையும் தாண்டி நின்றார். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் ஓதாத ஓதல் இல்லை. இதயத்தில் ஒரு குறையும் காணவில்லை, சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை, இப்போதே குறைத்தால் போதும் என்றார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி நான் நோயாளிகள் காத்திருக்கிற வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் ஒரு வருஷமாகக் கிடந்த கல் அப்படியே இறங்கியது. டொக்டர் இவரைப் பார்த்துச் சோற்றின் அளவைச் சொல்லத் தொடங்க, உம்மா குறுக்கே வந்தா: "அவருக்கிட்டச் சொல்லாதீங்க டொக்டர், எனக்கிட்டச் சொல்லுங்க. வேணாம் எண்டு சொல்லத் தெரிஞ்ச மனிசன் எண்டா இவ்வளவுக்கு வந்திரிக்குமா?"

அதே ஓட்டை

இப்போது உம்மா அதே அகப்பையால் பாதிதான் வைக்கிறா. மிச்சத்தைக் கீரையும் மீனும் நிரப்புகின்றன. இவர் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்கிறார். அரிசி ஆலைக் கூட்டாளியும் கூடப் போகிறார், சஹனுக்கு முன்னால் குந்தியது போல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் உம்மா நாடாவை எடுத்து நீட்டுவா, இவர் மறுக்காமல் சட்டையைத் தூக்குவார், நான் அளப்பேன். மெதுவாகத்தான் குறைகிறது, ஆனால் குறைகிறது. படி ஏறி வந்தாலும் மூச்சு வாங்காமல் கதைக்கிறார்.

போன வெள்ளி அவர் சாரனைக் கட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பச்சை பெல்ட் வயிற்றுக்கு அடியிலிருந்து எழும்பி, தொப்புளுக்குக் கிட்டே வந்து நின்றது. அதை இரண்டு கையாலும் காட்டி, வழக்கு வென்றவர் மாதிரிச் சொன்னார்: "நான் சொன்னன் தானே புள்ள, பெல்ட் பொய் சொல்லாது. ஓட்டை அதேதான், இடம்தான் மேல வந்திரிக்கி."

பருமனுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கில் எங்கள் வீட்டில் இன்னும் ஒருவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் நாடா உம்மாவின் அலுமாரியில் இருக்கும்வரை எனக்கு நல்ல நித்திரை வருகிறது.