ஓவியத் தேர்வில் தின்ற ரொட்டி

ஓவியத் தேர்வில் கொடுத்த ரொட்டித்துண்டு பசியாறத்தான் என்று நம்பியவன் நான். பாகூரிலிருந்து வில்லியனூருக்கு மாட்டுவண்டியில் குலுங்கி வந்தவனுக்கு, அப்போது எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தாராள மனசு பிடித்துப்போயிற்று. தின்றுவிட்டுக் கரிக்குச்சியால் குடம் வரைந்தேன். வந்தது பூசணிக்காய்.

பக்கத்துப் பையனிடம் கிசுகிசுத்தேன்: "இத்த எதாலடா அழிக்கிறது?"

"ரொட்டியாலதான். உன்னுது எங்கடா?"

வயிற்றைக் காட்டினேன். தேறாவிட்டால் அப்பா படிப்பை நிறுத்தி ஏர் பிடிக்கச் சொல்லிவிடுவார். வெறுங்கையாலேயே அழிக்கப் பார்த்து முகம், வேட்டி எல்லாம் கரியாக்கிக்கொண்டேன். அதற்குள் தேர்வு நடத்த வந்த வாத்தியாரே எதிரில் நின்றார்.

"இன்னாபா, ரொட்டி எங்க?"

"தின்னுட்டேன் ஐயா."

சிரிக்காமல் இரண்டு துண்டு வைத்தார்.

"ஒண்ணு அழிக்க. இன்னொண்ணு, மறுபடி பசிச்சா."

பயத்தில் இரண்டாலுமே அழித்து, குடத்தை மறுபடி வரைந்தேன். தேறிவிட்டேன்.