பெயர் என்னுடையது, முகவரி தோட்டத்துடையது

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள மேட்டில் வெடிப்பு விழுந்ததை நான் நாட்குறிப்பில் எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை. நீளம் பதினோரு அடி, அகலம் நான்கு விரல். பத்தாம் நாள் இரண்டு அரசாங்க அதிகாரிகள் வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள், பாறையொன்றில் சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா ரப்பர் பால் வெட்டுபவர். அவருடைய பின்சுவருக்கும் அந்த மேட்டுக்கும் எட்டு அடிதான். மழைக்கு முன் தெஹியோவிட்டையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். போனால் வேலை போய்விடும். இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஒரு நாளும் சொல்லி முடித்ததில்லை.

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். எழுத்து வேலை என்றால் லயத்தார் என்னிடம்தான் வருவார்கள். இருவருமாக டவுனில் அந்த அதிகாரிகளின் அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். மேட்டைப் பற்றிய அறிக்கை தயார், ஆனால் வெளியே கொடுப்பதில்லை, மக்கள் பீதியடைவார்கள் என்றார் அங்கிருந்த அதிகாரி. அக்காவுக்குச் சிங்களம் பேச என்னைவிட நன்றாக வரும். சிங்களத்திலேயே கேட்டார்:

"மாத்தயா, நான் வாங்குற சீனியிலயும் சவுக்காரத்திலயும் வரி எடுக்கிறீங்கதானே? அந்த ஜீப்புக்கு எண்ணெ அடிச்சது எங்க சல்லி. பீதிய மட்டுமாவது எங்களுக்குக் குடுங்களேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றை எங்கள் பக்கம் தள்ளினார். பதினான்கு வேலை நாளில் பதில் வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தடவை சரிபார்த்து நிரப்பினேன். நாட்களை நாட்குறிப்பில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தேன்.

பதினைந்தாம் வேலை நாள் கந்தோரில் போய் நின்றேன். அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஒன்பதாம் நாளே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒப்புகை அட்டையும் அதில் ஒட்டியிருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கருடையது.

லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. பிறந்ததிலிருந்து எழுதிய பழக்கத்தில் என் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரையே எழுதியிருந்தேன். நான் இரண்டு தடவை சரிபார்த்த கட்டம் அது.

தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் மேசை லாச்சியை இழுத்துக் கடிதத்தை எடுத்தார். உறை கிழிக்கப்பட்டிருந்தது.

"அரசாங்க சீல் இருந்தா மொதல்ல தொர மேசைக்குத்தான் போகும். தெரியாதாம்மா?"

"என் பேருதானேங்க ஐயா போட்டிருக்கு?"

"பேரு ஒங்களோடது. அட்ரஸ் தோட்டத்தோடது."

அறிக்கையின் பிரதியை ஏழு நாளுக்குள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும், தவறினால் விண்ணப்பம் ரத்து என்று எழுதியிருந்தது. கெடு முந்தின நாளே முடிந்திருந்தது. கடிதத்தோடு கந்தோருக்கு ஓடினேன். அறிக்கை இருக்கும் ஃபைல் அதிகாரியின் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. புது விண்ணப்பம் போடச் சொன்னார். ஃபைலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், பிறகு படிவத்தை வாங்கினேன். இம்முறை டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் நானாவிடம் கேட்டு, அவருடைய கடை இலக்கத்தை முகவரியாக எழுதினேன். பிரதியைத் தபாலிலேயே அனுப்பும்படியும் கேட்டேன்.

மூன்றாம் வாரம் நானா எனக்குப் போன் எடுத்தார். "டீச்சர், ஒங்கட காயிதம் வந்தீக்கி. நான் தொறக்கல்ல, சரியா?"

கடை வாசலிலேயே நின்று அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பக்கம், சிங்களத்தில். லயம் ஆபத்தான இடத்தில் இருக்கிறது, மழைக்கு முன் குடியிருப்பாளர்களை அகற்ற வேண்டும். கடைசி வரி: இது குடியிருப்பாளர்களுக்கு அறிவிக்கப்பட்டுள்ளது.

"யாருக்கு அறிவிச்சாங்களாம்?" என்றார் அக்கா. "அம்பு போட்டாங்களே, அந்தப் பாறைக்கா?"

கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியிலிருந்து அன்றுவரை எண்ணிப் பார்த்தேன். எழுபத்தாறு இரவுகள் அந்த மேட்டின் கீழே தூங்கியிருக்கிறோம்.

மறுநாள் காலையில் அக்காவின் அண்டா குண்டாவை ஆட்டோவில் ஏற்றினோம். பிறகு அறிக்கையைத் தமிழில் எழுதி, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். பசை காய்வதற்குள் கிளாக்கர் வந்துவிட்டார்.

"தொரகிட்ட காட்டாம ஒட்டலாமாம்மா?"

"அவரும் வந்து படிக்கட்டுங்க ஐயா," என்றேன். "இதுல யார் அட்ரஸும் போடல."