சாக்குக்கும் ஈரம் கழித்த லைப்ரரி

எங்கள் ஆபீஸ் கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் போகிற தெருவில், ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். கொள்முதல், கிடங்கு, பில் என்று தனித்தனி மாட்யூல்கள். பில் என்னுடையது. ஆனால் யார் எங்கே மாட்டிக்கொண்டாலும் என் நாற்காலிக்குப் பின்னால்தான் வந்து நிற்பார்கள். "சேச்சி, இதொண்ணு பாருங்களேன்" என்று அவர்கள் கெஞ்சுவதும், நான் உடனே திரும்பாமல் கொஞ்சம் காக்கவைப்பதும் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது, அது நின்றபிறகுதான் தெரிந்தது.

நிறுத்தியவள் பள்ளுருத்தியிலிருந்து வந்த புதுப்பெண். என்னைப் போலவே வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். எங்களிடம் எடைக் கணக்கு ஒவ்வொரு மாட்யூலிலும் ஒரு நகலாக இருந்தது. ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையபடியே கிடக்கும். வந்த வேகத்தில் அவள் அந்த வேலையையெல்லாம் ஒரே லைப்ரரியாக எழுதி, ஆபீஸ் கணினியில் பொதுவான ஒரு ஃபோல்டரில் வைத்தாள். இனி யாரும் தனியாக எழுத வேண்டாம், அங்கிருந்து அழைத்துக்கொண்டால் போதும்.

நல்ல யோசனை. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டிய எனக்கு அது ஏன் தோன்றவில்லை? "அவ லைப்ரரியில இருக்கு பாரு" என்பதே மூச்சுக்கு மூச்சு பேச்சாயிற்று. என் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நடமாட்டமே இல்லை. எல்லோரும் மாறினார்கள், நான் மாறவில்லை. "பில்லுல கை வெச்சா குழப்பமாயிடும், பிறகு பார்க்கலாம்" என்றேன். குழப்பமாவது மண்ணாங்கட்டியாவது. வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை.

மழைக்காலத்தில் ஒரு மிளகு வியாபாரி எங்கள் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க வந்தார். ஈரமான மிளகுக்கு எடையில் ஒரு பங்கு கழிப்பது இங்கே வழக்கம். ஒரே சரக்குக்குக் கொள்முதலும் கிடங்கும் ஒரே எடையைக் காட்ட, என் பில் மட்டும் கொஞ்சம் கூட்டிக் காட்டியது. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. அவரை நாங்கள் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம்.

"எல்லாம் ஒண்ணு சொல்லுது, உன்னோடது மட்டும் வேறயா? அப்பவே லைப்ரரிக்கு மாறச் சொன்னேனல்லே" என்றார்.

வியாபாரி திரைகளை மாறிமாறிப் பார்த்தார். "பில்லுதான் சரி, சேட்டா. முதல்ல சாக்கு எடையைக் கழிக்கணும், பின்னத்தான் ஈரம். மத்ததெல்லாம் சாக்குக்கும் சேர்த்து ஈரம் கழிச்சிருக்கு. சாக்கையும் மிளகுன்னு நெனச்சுதோ?"

அன்று குடித்த சாயாவின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. லைப்ரரியில் ஒரு தப்பு என்றால் அதை நம்பிய எல்லா மாட்யூலிலும் அதே தப்பு. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், ஆசையாகவே எதிர்பார்த்தேன். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சேச்சி, உங்க கணக்கை லைப்ரரியில வெச்சுக்கட்டே?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்றா சொல்வது? கொடுத்தேன். வியாபாரியின் சாயா தீர்வதற்குள் எல்லாத் திரைகளும் ஒரே எடையைக் காட்டின. "பெண்ணு மிடுக்கிதான், கெட்டிக்காரி" என்று அவர் அவளைப் பார்த்துச் சொன்னார். அதற்கப்புறம் பில்லையும் லைப்ரரிக்கு மாற்றாமலிருக்க எனக்குச் சாக்குப்போக்கு எதுவும் மிஞ்சவில்லை.

போன மாதம் சுக்கு வியாபாரிகளுக்காக ஒரு மாட்யூல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஈரக் கணக்கைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். சேட்டன் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு மண்டையை உடைக்கிற? அவ லைப்ரரியில ஈரம் கழிக்கிறது இருக்கு. அருமையா எழுதியிருக்கா, அதை எடுத்துக்கோ."

"சேட்டா, அது சேச்சி எழுதினதாக்கும்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"ஆரு எழுதினா என்ன? லைப்ரரி உன்னோடதுதானே" என்று அவளிடம் சொன்னபடி அவர் போய்விட்டார்.

அவள் எனக்காகப் பேசியதுதான் இன்னும் எரிந்தது. நான் எழுதிய கணக்கை அவள் லைப்ரரியிலிருந்து ஒரே வரியில் அழைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். ஒரு தப்பும் வரவில்லை. ஒன்றாவது வந்திருக்கலாம்.