அக்காவின் ஒருசந்தி

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றை விட்டாக வேண்டும். அம்மா காபியை விடுவாள். அப்பா சிகரெட்டை விடுவார், தெருமுனை வரைக்கும். ஒன்பது வயதில் நான் பாகற்காயை விடுவதாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா முறைத்த முறைப்பில் சாக்லேட் என்று மாற்றிக்கொண்டேன்.

அக்காவுக்குப் பதினைந்து. அவள் எதை விடுவது என்று அந்த வருஷம் அம்மாவே முடிவு செய்துவிட்டாள். சாப்பாட்டிலும் குனிந்த தலை நிமிர்வதில்லை, வீட்டுக்கு வந்தவர்களோடு ஒரு வார்த்தை இல்லை, முகம் வேறு வாடிக் கிடக்கிறது, எல்லாம் அந்தச் சனியன் பிடித்த போனால்தான் என்றாள். அதில் உண்மையும் இருந்தது. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பூசை முடிந்து, ஈஜிபுராவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் போன் பீரோவுக்குள் போனது.

ஆனால் அக்காவின் வீட்டுப்பாடமெல்லாம் அந்த போனில்தான் வரும். சாயங்காலம் அதை எடுத்து, பாடத்தைத் தாளில் எழுதி அவளிடம் கொடுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. வேறு எதற்காகத் தொட்டாலும் அக்காவின் ஒருசந்தி விரதம் முறிந்துவிடும் என்று அம்மா எச்சரித்திருந்தாள். பீரோ சாவி கைக்கு வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாளே அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கீதா அவளுடைய ஒரே சிநேகிதி. தன் அப்பாவுக்கு மாற்றலாகி ஹூப்ளிக்குப் போனவள்.

"நாப்பது நாள் போன் இருக்காதுன்னு அவளுக்கு ஒரே ஒரு வரி அனுப்பிடுடி."

மறுநாள், அனுப்பிவிட்டேன் என்றேன். கீதா என்ன சொன்னாள் என்று அக்கா கேட்டாள்.

"சரின்னு சொன்னாக்கா."

நான் அனுப்பவில்லை. கீதாவின் செய்திகள் மட்டும் முதல் சில வாரம் தினமும் வந்தன. புதுப் பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லையாம். மத்தியானச் சாப்பாட்டைக் கழிப்பறையில் வைத்துச் சாப்பிடுகிறாளாம். ஏன் பேசமாட்டேன் என்கிறாய், கோபமா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள். நான் வீட்டுப்பாடத்தை மட்டும் எழுதிக்கொண்டு பீரோவைப் பூட்டினேன். அக்காவின் தவத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈஸ்டர் அன்று பிரியாணி வாசனைக்கு நடுவே போன் அக்காவின் கைக்கு வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். கடைசிச் செய்தி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சரி, நீயும் அவர்களைப் போலத்தான் என்று எழுதிவிட்டு, கீதா அக்காவின் எண்ணை பிளாக் செய்திருந்தாள்.

"நீ அனுப்பவே இல்லையா?"

"ஒருசந்தி முறிஞ்சிடும்னுதான்க்கா."

அவள் என்னை அடித்திருக்கலாம். போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு அவள் அதைத் தேடவே இல்லை.

அம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கோயில் வாசலில் நின்று, என் பெண் இப்போது போனைத் தொடுவதே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். அக்கா அதோடு பேச்சையும் விட்டிருந்தாள். அதை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த மாதத்தின் முதல் வெள்ளி நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தவக்காலத்தில் இரண்டு சாக்லேட்டைத் திருட்டுத்தனமாகத் தின்றதைச் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதேன். சாமியார் மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். வேறு ஏதாவது உண்டா என்றும் கேட்டார். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.